கார்டிசால் கூடியிருக்கிறது என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

எனக்கு வயது 47. தனியார் பள்ளியில் கணக்காசிரியையாக இருக்கிறேன். ஆறு மாதமாக ஓயாத அசதி. ராத்திரி தூக்கம் வருவதில்லை. வந்தாலும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வயிற்றில் சதை போட்டுவிட்டது. காலையில் எழுந்தால் முகம் ஊதினாற்போல் இருக்கிறது. போன வாரம் ஒரு லேபில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். கார்டிசால் என்ற வரியில் மட்டும் 22.8 என்று தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் சரியான அளவு 6.2 முதல் 19.4 வரை என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

கல்லூரியில் படிக்கும் என் மகன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஸ்ட்ரெஸ் ஹார்மோன். உனக்கு வந்திருப்பது கார்டிசால் முகம்" என்றான். கார்டிசாலைக் குறைக்கும் பொடி என்று ஒன்றையும் வரவழைத்துவிட்டான். நர்ஸாக இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா, "கார்டிசால் என்றால் ஸ்டீராய்டுதானே" என்றார். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. 72 வயதான என் அம்மா முடக்குவாதத்துக்காக இரண்டு வருடமாகத் தினமும் பிரட்னிசோலோன் 5 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறார். கொரோனா சமயத்தில் ஸ்டீராய்டால் கருப்புப் பூஞ்சை வந்தது என்று கேள்விப்பட்டதிலிருந்தே என் தம்பிக்கு அந்த மாத்திரை பிடிக்கவில்லை. இப்போது "உடனே நிறுத்திவிடு" என்கிறான்.

அம்மா என்னோடுதான் இருக்கிறார். ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுந்து பார்க்க வேண்டும். நான் ரத்தம் கொடுத்த நாளுக்கு முந்தின ராத்திரி அவருக்குக் காய்ச்சல். நான் கண் மூடவே இல்லை. முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரையும், மங்குக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு கிரீமும் உபயோகிக்கிறேன்.

கார்டிசால், ஸ்டீராய்டு, ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எல்லாம் ஒன்றுதானா? எனக்கு என்ன வியாதி? அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிடலாமா? தயவுசெய்து விளக்குங்கள்.

கே.ஜெ., ராஜபாளையம்

பதில்:

அன்புச் சகோதரி கே.ஜெ. அவர்களுக்கு,

முதலில் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், 22.8 என்ற எண் உங்களுக்கு வியாதி இருக்கிறது என்று காட்டவில்லை. தூங்காத இரவுக்கு மறுநாள் காலையில் எடுத்த ரத்தத்தில், நல்ல ஆரோக்கியமான ஒருவருக்கும் கார்டிசால் இந்த அளவு இருக்கலாம்.

இரண்டு: அம்மாவின் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒரு வேளைகூட விட வேண்டாம். உங்கள் கடிதத்தில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறதென்றால் அது இந்த நிறுத்தும் யோசனைதான். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். அந்தப் பகுதியைத் தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள்.

மற்றபடி, நீங்கள் பயந்தது இயல்பு. தடித்த எழுத்தில் ஓர் எண்ணைக் கையில் கொடுத்து, அதற்கு அர்த்தம் சொல்ல ஆளில்லாமல் அனுப்பிவிட்டால் யாரும் பயப்படத்தான் செய்வார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயர்களின் குழப்பம்

நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் ஆளுக்கொரு சிறு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அட்ரீனல் சுரப்பி என்று பெயர். ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் எடைதான். அதில் உட்பகுதி (அகணி), வெளிப்பகுதி (புறணி) என்று இரண்டு உண்டு. உட்பகுதி அட்ரீனலினைச் சுரக்கிறது. திடுக்கிட்டால் நெஞ்சு படபடக்கிறதே, அது அட்ரீனலினின் வேலை. வெளிப்பகுதி சுரக்கும் ஹார்மோன்களில் (இயக்குநீர்களில்) முக்கியமானது கார்டிசால். இந்த வெளிப்பகுதிக்கு மருத்துவத்தில் கார்டெக்ஸ் என்று பெயர். பட்டை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. கார்டிசால் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. சுரக்கும் இடத்தைச் சொல்லும் பெயரே தவிர, கவலையையோ வியாதியையோ சொல்லும் பெயரல்ல.

இதைக் கண்டுபிடித்த வரலாற்றில் உங்கள் வீட்டுக்கும் தொடர்பிருக்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டால் என்ற வேதியியலாளர், மாடுகளின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து 1930-களில் பல பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகளையே பெயராக வைத்தார். அவற்றில் 'ஈ' என்பது பின்னாளில் கார்டிசோன் ஆயிற்று. 'எஃப்' என்பதுதான் கார்டிசால். அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் டாடியஸ் ரைக்ஸ்டைன் என்பவரும் இதே பொருள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். 1948 செப்டம்பரில், அதே மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், மூட்டுகள் இறுகிப் படுக்கையோடு கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். அவருக்கு இருந்தது உங்கள் அம்மாவுக்கு இருக்கும் அதே முடக்குவாதம் (மூட்டுகளை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய்). 1950-இல் இந்த மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அம்மா விழுங்கும் பிரட்னிசோலோன் அந்த மருந்தின் வழியில் பிறகு வந்தது.

அப்படியானால் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் என்ற பெயர் எப்படி ஒட்டியது? கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே என்ற ஆராய்ச்சியாளர் 1936-இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுமீறி ஓட வைத்தாலும், விஷமருந்து கொடுத்தாலும் அவற்றின் உடம்பில் ஒரே மாதிரி மாற்றங்கள் ஏற்பட்டன. அட்ரீனல் சுரப்பி பெருத்தது அவற்றில் ஒன்று. உடம்புக்கு வரும் எந்த நெருக்கடியையும் ஸ்ட்ரெஸ் என்று அழைக்கும் வழக்கம் அவரால்தான் பரவியது; அப்போதெல்லாம் கூடும் கார்டிசாலுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் என்ற பெயரும் ஒட்டியது. ஆகவே அந்தச் சொல் மனக்கவலையை மட்டும் குறிக்கவில்லை. காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி, விபத்து, தூக்கமின்மை எல்லாமே அதில் அடங்கும். தமிழில் 'மன அழுத்த ஹார்மோன்' என்று எழுதிப் பழகிவிட்டதால், அது கூடினால் மனத்தில்தான் ஏதோ கோளாறு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

ஸ்டீராய்டு என்பது இவற்றைவிடப் பெரிய குடும்பப் பெயர். கொழுப்பின் ஒரு வகையான கொலஸ்டிராலிலிருந்து உடம்பு தயாரிக்கும் பல ஹார்மோன்களுக்கு அந்தப் பெயர் பொருந்தும். கார்டிசால் அதில் ஒன்று. ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இன்னொன்று. பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென் மற்றொன்று. உடற்பயிற்சிக் கூடங்களில் சதை பெருக்கச் சிலர் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு, டெஸ்டோஸ்டிரோன் வகை. ஆஸ்துமாவுக்கும் முடக்குவாதத்துக்கும் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு, கார்டிசால் வகை. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னது தவறில்லை: கார்டிசால் ஒரு ஸ்டீராய்டு. ஆனால் அது உங்களுக்குள் நாள்தோறும் நீங்களே சுரந்துகொள்ளும் ஸ்டீராய்டு. இல்லாவிட்டால் உயிர் வாழ முடியாது.

கார்டிசால் என்ன செய்கிறது?

இரவு சாப்பிட்டுப் படுத்தவர் காலை வரை ஒன்றும் உண்பதில்லை. ஆனாலும் மூளைக்குச் சர்க்கரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஈரலைத் தூண்டிப் புதிதாகச் சர்க்கரை செய்ய வைப்பதில் கார்டிசாலுக்குப் பெரும் பங்கு உண்டு. ரத்த அழுத்தம் சரிந்துவிடாமல் பிடித்துவைப்பதும் அதுதான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி எல்லை மீறி நம்மையே தாக்காதபடி அடக்கி வைப்பதும் அதுதான். இந்த அடக்கும் குணத்தைத்தான் ஆஸ்துமாவிலும், ஒவ்வாமையிலும், முடக்குவாதத்திலும் மருந்தாகப் பயன்படுத்துகிறோம். குறைமாதத்தில் பிரசவ வலி கண்ட தாய்மார்களுக்கு இந்த வகை ஊசி போட்டால் வயிற்றிலுள்ள சிசுவின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது. எத்தனையோ குறைமாதக் குழந்தைகள் அதனால் பிழைத்திருக்கின்றன.

உங்கள் 22.8 ஏன் கூடுதலாக வந்திருக்கலாம்?

கார்டிசாலுக்கு ஒரு நாள்முறை உண்டு. விடியும் நேரத்தில் ஏறும். கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போகும். பிறகு படிப்படியாக இறங்கும். மாலையில் காலை அளவில் பாதியோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். நள்ளிரவில் மிகக் குறைந்துவிடும். ஆகவே ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று தெரியாமல் கார்டிசால் எண்ணை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. காலை எட்டு மணிக்கு 20 என்பது சாதாரணம். நள்ளிரவில் அமைதியாகப் படுத்திருப்பவருக்கு அதே 20 வந்தால் நிச்சயமாக ஆராய வேண்டும்.

உங்கள் அளவைச் சற்றே தூக்கிவிடக்கூடிய காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

முந்தின இரவு நீங்கள் தூங்கவில்லை. அம்மாவின் காய்ச்சலால் கவலையும் இருந்தது. அந்த நிலையில் கார்டிசால் கூடுவது உடம்பு தன் கடமையைச் செய்வதுதான். ஊசியைக் கண்டு பயப்படுபவர்களுக்கு ரத்தம் எடுக்கும் நேரத்திலேயே கொஞ்சம் கூடும்.

அடுத்தது பயோட்டின். நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 30 மைக்ரோகிராம்தான். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 10 மில்லிகிராம் வரைகூட இருக்கும். அதாவது தேவையைப் போல் முந்நூறு மடங்குக்கு மேல். இவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால், சில வகைப் பரிசோதனைக் கருவிகள் ஹார்மோன் அளவைத் தவறாகக் காட்டிவிடும். கார்டிசாலை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். தைராய்டு முடிவுகளையும் குழப்பலாம். அடுத்த முறை ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாட்கள் முன்பே அதை நிறுத்துங்கள். சாப்பிடுவதை லேபிலும் சொல்லுங்கள்.

மூன்றாவது, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று: ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரைகள். ரத்தத்திலுள்ள கார்டிசாலில் பெரும்பகுதி, ஏறத்தாழ 90 சதவீதம், புரதங்களோடு ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. வேலை செய்வது ஒட்டாமல் நிற்கும் சிறு பகுதி மட்டுமே. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் கர்ப்ப காலத்திலும் அந்தப் புரதம் கூடுவதால் மொத்த அளவு உயர்ந்து தெரியும், அது வியாதியல்ல. மாதவிடாய்க் கோளாறுக்காக நீங்கள் ஏதாவது ஹார்மோன் மாத்திரை எடுப்பவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் அறிக்கையில் அலகு, டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம். வேறு லேபில் லிட்டருக்கு நானோமோல் என்ற கணக்கில் கொடுப்பார்கள். அந்தக் கணக்கில் உங்கள் 22.8 ஏறத்தாழ 629 ஆகிவிடும். எண் பெரிதானதைப் பார்த்து மறுபடி பயந்துவிடாதீர்கள், அளவு ஒன்றேதான். ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

கார்டிசால் உண்மையில் கூடும் நோய்

உடம்பில் கார்டிசால் இரவு பகலென்று பாராமல் மிகையாக இருக்கும் நோய்க்குக் குஷிங் நோய்க்குறி என்று பெயர். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை நிபுணர் 1932-இல் இதை விரிவாக எழுதினார். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலோ அட்ரீனல் சுரப்பியிலோ வரும் கட்டியால் இது வரலாம். ஆனால் அது மிக அரிது. அதைவிட அதிகமாக நாங்கள் பார்ப்பது, வெளியிலிருந்து நெடுநாள் உள்ளே போன ஸ்டீராய்டு மருந்தால் வருவது.

அசதியும் வயிற்றுச் சதையும் மட்டும் இருந்தால் இந்த நோயைச் சந்தேகிக்க மாட்டோம். அவை நூறு காரணங்களால் வரும். நாங்கள் தேடும் அடையாளங்கள் வேறு:

வயிற்றிலோ தொடையிலோ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான, கருஞ்சிவப்பு அல்லது ஊதா நிறக் கோடுகள். பிரசவத்துக்குப் பின் வரும் வெளிறிய கோடுகள் இந்தக் கணக்கில் சேராது.

லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போவது.

கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடியாதபடி தொடைத் தசை தளர்வது. கை கால் மெலிந்து உடம்பு மட்டும் பருப்பது.

சின்ன வயதிலேயே ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் சேர்ந்து வருவது. சிறு அடியில் எலும்பு முறிவது.

குழந்தைகளுக்கு எடை கூடிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிடுவது.

இவற்றில் இரண்டு மூன்று உங்களுக்கு இருந்தால் கட்டாயம் ஒரு ஹார்மோன் மருத்துவரைப் (நாளமில்லாச் சுரப்பி நிபுணரைப்) பாருங்கள். அப்போதும் காலை நேரத்து ஒற்றை ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு செய்ய மாட்டோம். இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை (1 மி.கி.) ஒன்றைக் கொடுத்து, மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் எடுப்போம். ஆரோக்கியமான உடம்பு, வெளியிலிருந்து வந்த மருந்தைக் கண்டு தன் சுரப்பை அடக்கிக்கொள்ளும், கார்டிசால் 1.8-க்குக் கீழே இறங்கிவிடும். அப்படி இறங்காவிட்டால் நள்ளிரவு உமிழ்நீர், 24 மணி நேரச் சிறுநீர் ஆகியவற்றில் கார்டிசாலை அளந்து பார்ப்போம். அதையும் ஒருமுறைக்கு இருமுறை செய்வோம்.

உங்கள் மகன் சொன்ன 'கார்டிசால் முகம்' என்பது செல்போனில் பரவும் பேச்சு. குஷிங் நோயில் முகம் வட்டமாகப் பருப்பது உண்மைதான். ஆனால் அது நாள் முழுதும் அப்படியே இருக்கும்; மாதக்கணக்கில் கூடிக்கொண்டே வரும். காலையில் ஊதி மதியத்துக்குள் வடிந்துவிடும் முகத்துக்குத் தூக்கக் குறைவு, இரவு உணவில் உப்பு போன்றவையே பெரும்பாலும் காரணம். வீக்கம் நாள் முழுதும் நின்றாலோ காலும் வீங்கினாலோ தைராய்டையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்.

அம்மாவின் மாத்திரை: தம்பிக்குச் சொல்ல வேண்டியது

ஓர் ஆரோக்கியமான உடம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 20 மி.கி. கார்டிசாலைச் சுரக்கிறது. பிரட்னிசோலோன் 5 மி.கி. என்பது 20 மி.கி. கார்டிசாலுக்குச் சமம். அதாவது அம்மா விழுங்குவது, ஓர் உடம்பு ஒரு நாளில் தானே தயாரித்துக்கொள்ளும் அளவை ஒட்டியதுதான். கொரோனா நோயாளிகளுக்குத் தரப்பட்ட டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி., பிரட்னிசோலோன் கணக்கில் 40 மி.கி. ஆகும். செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளிடையே இறப்பை அந்த மருந்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது என்று 2020-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. 2021-இல் கருப்புப் பூஞ்சை பரவியதற்குக் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும், தேவைக்கு மேல் அதிக அளவில், அதிக நாட்கள் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள். தம்பியின் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் அம்மாவின் 5 மி.கி. அந்தக் கணக்கில் வராது.

இப்போது நிறுத்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் மிதவை வைத்த தானியங்கி மோட்டார் இருக்கும் அல்லவா? நீர் இறங்கினால் மோட்டார் ஓடும், நிரம்பினால் நின்றுவிடும். மூளையிலுள்ள ஹைபோதலாமஸும் பிட்யூட்டரியும் கார்டிசாலை அப்படித்தான் கண்காணிக்கின்றன. குறைந்தால் அட்ரீனலை முடுக்கும், போதுமானால் விட்டுவிடும். அம்மாவின் தொட்டியை இரண்டு வருடமாக வெளியிலிருந்து ஒரு மாத்திரை நிரப்பிக்கொண்டிருக்கிறது. மோட்டாருக்கு வேலையே வரவில்லை. அட்ரீனல் சுரப்பி சுருங்கிக் கிடக்கும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அது உடனே எழுந்து ஓடாது. பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் கடும் வாந்தி, வயிற்றுவலி, எழுந்து நின்றால் மயக்கம், ரத்த அழுத்தம் சரிதல், நினைவு மங்குதல் என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கார்டிசால் இல்லாமல் போனால் மனிதனுக்கு என்ன ஆகும் என்பதை லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-லேயே எழுதிவைத்தார். அட்ரீனல் அழிந்தவர்கள் மெலிந்து, தோல் கருத்து, எழுந்து நிற்கக்கூட வலுவின்றி இறந்துபோனார்கள். அன்றைக்கு அதற்கு முக்கியக் காரணம் காசநோய். நம் நாட்டில் இன்றும் காசநோயால் அட்ரீனல் கெட்டவர்களைப் பார்க்கிறோம். இப்போது அவர்களுக்கு ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கொடுக்கிறோம். அது உடம்பு சுரக்கும் கார்டிசாலேதான், மருந்தாகும்போது மட்டும் அந்தப் பெயர். நல்லபடியாக வாழ்கிறார்கள்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் நம் உடம்பு தானாகவே கார்டிசாலைக் கூட்டிக்கொள்ளும். அம்மாவின் உடம்பால் அது முடியாமல் போகலாம். அந்த நாட்களில் மாத்திரையைத் தற்காலிகமாகக் கூட்ட வேண்டுமா, எவ்வளவு என்று அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிச்சென்று, தினமும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதை ஓர் அட்டையில் எழுதி அவர் பையிலும் வையுங்கள். மாத்திரையைக் காலையில் சாப்பிட்ட பிறகு கொடுங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, எலும்பு வலு, கண் ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ளுங்கள். அளவைக் குறைக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. அதைத் தம்பியே மருத்துவரிடம் நேரில் கேட்கட்டும். குறைப்பதென்றால் அவர் மேற்பார்வையில், சிறுகச் சிறுகத்தான்.

பொடியும் கிரீமும்

கார்டிசாலைக் குறைக்கும் பொடி உங்களுக்குத் தேவையில்லை. குறைக்க வேண்டிய அளவு கார்டிசால் உங்களுக்கு இருப்பதாகவே நிரூபணமாகவில்லை. இந்தப் பொடிகளில் பலவற்றில் அசுவகந்தா, அதாவது நம் அமுக்கரா, இருக்கும். அது கார்டிசாலைச் சற்றுக் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்வது உண்மை. அதேசமயம் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சேர்மானம் எழுதப்படாமல், மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ உடனடிக் குணம் என்று பொட்டலத்தில் விற்கும் பொடிகளைப் பற்றி இன்னும் கடுமையாகவே எச்சரிக்கிறேன். அவற்றில் ஸ்டீராய்டைக் கலந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். 'அட்ரீனல் சோர்வு' என்று பெயரிட்டு விற்கும் மாத்திரைகளையும் வாங்காதீர்கள். அப்படி ஒரு நோயை ஹார்மோன் மருத்துவம் ஏற்கவில்லை.

மங்குக் கிரீமின் டியூபை எடுத்துப் பாருங்கள். மொமெட்டசோன், பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. உங்கள் கார்டிசால் கூடியதற்கு அது காரணமல்ல. இவற்றை அளவுமீறிப் பூசினால் உடம்பின் சொந்தக் கார்டிசால் குறையவே செய்யும். ஆனால் மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பருவும் பூனைமுடியும் வரும். நிறுத்தினால் எரிச்சல் கிளம்பும். ஒரு தோல் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்படி விடுங்கள். ஸ்டீராய்டு மருந்துகளின் பெயர் பெரும்பாலும் 'சோன்', 'சோலோன்' என்று முடியும். அல்லது 'கார்ட்' என்ற ஒலி உள்ளே வரும். ஆனால் சர்க்கரை மருந்தான பயோகிளிட்டசோன் போல, அதே ஒலியில் முடிந்தும் ஸ்டீராய்டு அல்லாதவையும் உண்டு. சந்தேகமிருந்தால் மருந்தாளுநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் அசதிக்கு என்ன செய்வது?

ரத்தத்தில் கார்டிசாலை அளந்து ஒருவரின் மனச்சுமையை அளந்துவிட முடியாது. கார்டிசால் ரத்தத்தில் ஏறினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதிக்கும் கீழே போய்விடும். நீண்ட நாள் துன்பத்தில் இருப்பவர்களில் சிலருக்கு அது கூடியும், சிலருக்குக் குறைந்தும் காணப்படுகிறது. அதனால் எண் எப்படி இருந்தாலும் உங்கள் அசதி உண்மையானது. அதற்குக் காரணம் தேட வேண்டும்.

47 வயதுப் பெண்ணுக்கு நான் முதலில் பார்ப்பது ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, நிற்கும் காலம் நெருங்குகிறதா என்று கேட்பேன்; நடு இரவில் விழிப்பு வருவதும் வயிற்றில் சதை சேர்வதும் அந்தப் பருவத்தில் பலருக்கு உண்டு. பிறகு மனநிலை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை முட்டிக்கொண்டு, விடியுமுன் விழித்துக் கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் பகலில் பள்ளியிலும் இரவில் அம்மாவின் பக்கத்திலும் உழைக்கிறீர்கள். இதைத் தனி ஆளாகத் தொடர்ந்தால் எந்த உடம்பும் களைத்துப்போகும். அம்மாவின் மாத்திரையைப் பற்றி இவ்வளவு அக்கறைப்படும் தம்பி, வாரத்தில் இரண்டு இரவுகளாவது அம்மாவைப் பார்த்துக்கொள்ளட்டும். கேட்க உங்களுக்குத் தயக்கமாக இருக்கலாம். மருத்துவர் எழுதிய மருந்துச்சீட்டு என்று சொல்லியே கேளுங்கள். நான் உண்மையாகவே அப்படித்தான் எழுதுகிறேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். அம்மாவின் மாத்திரை தவறாமல் போகிறதா என்று உறுதிசெய்யுங்கள். காய்ச்சல் நாட்களுக்கான அளவை அவர் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பொடியைத் திருப்பி அனுப்புங்கள். பயோட்டினை நிறுத்துங்கள். கிரீமோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். நான் சொன்ன பரிசோதனைகளுக்கு உங்கள் குடும்ப மருத்துவரிடம் போகும்போது இந்த அறிக்கையையும் எடுத்துச்செல்லுங்கள். ரத்தம் எடுத்த மணி, முந்தின இரவு தூங்காதது, சாப்பிடும் மாத்திரைகள் ஆகிய மூன்றையும் அதன் மேலேயே எழுதிவிடுங்கள். மேலே சொன்ன குஷிங் அடையாளங்கள் எதுவும் உங்களுக்கு இல்லை என்று அவரும் பார்த்துச் சொல்லிவிட்டால், கார்டிசாலை மறுபடி அளக்க வேண்டிய அவசியமே இல்லை.